பந்தயத் தடமும் மோட்டார்ச் சில்லும்



பள்ளிக்கூடத்து அதிபர் ஒருவர் மோட்டார்ச் சில்லைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று உங்களிற் சிலர் வியக்கக்கூடும். நான் பயின்றது கலைத்துறை, பொறியியல் அன்று. ஆயினும் ஸ்பிரிங்வெளியிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பிறந்து, என்னிடம் எழுத்துப் படித்துச் சென்ற பிள்ளைகளிற் பலர் இன்று பதுளையிலும் பண்டாரவளையிலும் கராஜ்களில் தொழில் புரிகின்றனர். வேறு சிலர் வெளிநாடு சென்று பொருள் ஈட்டி வந்து, பழைய விளையாட்டுக் கார் ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு வைத்திருக்கின்றனர். இவர்கள் என்னைக் காண வரும்போது இலக்கணம் பேசுவதில்லை. வண்டியைப் பற்றியே பேசுகின்றனர். அந்தப் பேச்சில் அடிக்கடி தலைகாட்டும் வினா ஒன்று: "தடத்தில் ஓட்டுவதற்கு எந்தச் சில்லு நல்லது, சேர்?" என்பதே அது. கேள்வி கேட்ட மாணவனுக்கு விடை தேடிக் கொடுப்பது ஆசிரியனின் கடமை. அவ்வாறு கேட்டும், படித்தும், கராஜ்களில் நின்று பார்த்தும் அறிந்தவற்றை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் தடம் என்பது யாது என்று கூறிவிடுதல் நன்று. பொதுவீதியில் வேகமாக ஓட்டுவது குற்றம்; பிறர் உயிருக்குக் கேடு. ஆகவே வேகத்தில் நாட்டமுடையோர், மூடப்பட்ட ஓட்டத் தடமொன்றில், ஒழுங்கு விதிகளுக்கு அமைந்து, தத்தம் வண்டிகளை ஒரு நாள் ஓட்டிப் பார்க்கின்றனர். இதனை இளைஞர்கள் 'ட்ராக் டே' என்று அழைக்கின்றனர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அண்மையில் இருங்காட்டுக்கோட்டையில் 1990 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தடமும், கோயம்புத்தூருக்கு அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள கரி தடமும் இதற்குப் பேர்போனவை. அந்தக் கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்ட நரேன் கார்த்திகேயன்தான் 2005 ஆம் ஆண்டு, உலகின் உச்சப் பந்தயமாகிய பார்முலா ஒன்றில் வண்டியோட்டிய முதல் இந்தியராக விளங்கினார்.

நமது நாட்டுக்கும் இதில் பழைய வரலாறு உண்டு. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை, பின்னர் பந்தயத் தடமாகவும் பயன்பட்டது. நமது ஊவாவிலோ தியத்தலாவை இருக்கிறது. வெண்ணிறக் கற்களால் நரியின் உருவம் அமைந்த அந்த மலையின் பெயரால் 'ஃபொக்ஸ் ஹில்' என்றும், சிங்களத்தில் நரியாகந்த என்றும் வழங்கும் கிரவல் தடத்தில், நிசான் மார்ச்சும் ஃபோர்ட் லேசரும் பழைய மினியும் புழுதி கிளப்பி ஓடுவதைப் பார்க்கப் பதுளை மாவட்டம் முழுவதும் திரண்டு செல்லும்.

இனிச் சில்லுக்கு வருவோம். வடக்கிலும் கிழக்கிலும் சில்லு என்பார்கள். தோட்டப் பகுதிகளில் சக்கரம் என்பார்கள். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு நம் முன்னோர் இட்ட உறுப்புப் பெயர்கள் இன்றைய கார்ச் சில்லுக்கும் பொருந்துகின்றன. அச்சிலே பொருந்துகின்ற நடுப்பகுதி குடம்; ரயரைத் தாங்குகின்ற வெளிவட்டம் வட்டை; இரண்டையும் இணைப்பவை ஆரக்கால்கள். இந்த மூன்று சொற்களையும் நினைவிலே வைத்துக்கொண்டால் நான் மேலே கூறப்போவது யாவும் எளிதில் விளங்கும்.

சில்லு பாரம் குறைந்ததாக இருக்கவேண்டும் என்று ஏன் விரும்புகிறார்கள்? இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதற் காரணத்தை நமது கொழுந்துப் பெண்கள் நன்கு அறிவர். மழைக்காலத்தில் மலையேறும்போது காலிலே செம்மண் அப்பிக்கொள்கிறது. அந்தச் சேறு கால் கிலோவாயினும், முதுகுக் கூடையில் ஏறிய முழுக் கிலோவைக் காட்டிலும் ஆளைக் களைக்கச் செய்கிறது. ஏனெனில் கூடை உடலோடு சேர்ந்து அமைதியாகச் செல்கிறது; காலோ ஒவ்வோர் அடியிலும் தூக்கப்பட்டு இறக்கப்படுகிறது. காரிலும் அவ்வாறே. வண்டியின் உடல் சுருள்வில்லின் மேலே தங்கியிருக்கிறது. சில்லும், ரயரும், பிரேக்கும் வில்லுக்குக் கீழே இருக்கின்றன. பாதையின் மேடு பள்ளங்களில் ஏறி இறங்குபவை இவைதாம். இவை கனத்திருந்தால், மேட்டில் எறியப்பட்ட சில்லு மீண்டும் நிலத்தைப் பற்ற நேரமாகிறது. ரயர் நிலத்தைப் பற்றாத அந்தக் கணத்தில் திருப்பலும் இல்லை, நிறுத்தலும் இல்லை. ஆகவே பாரம் குறைந்த சில்லு வேகத்துக்கு மாத்திரமன்றிப் பாதுகாப்புக்கும் உதவுகிறது.

இரண்டாவது காரணம் சுழற்சி. கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். கயிறு குறுகியிருந்தால் எளிதாகச் சுழலும். நீண்டிருந்தால் அதே கல் கையை இழுக்கும். சில்லு முன்னோக்கியும் செல்லவேண்டும், சுழலவும் வேண்டும். எனவே எஞ்சின் அதற்கு இரண்டு வேலை செய்யவேண்டியிருக்கிறது. வட்டையில் உள்ள ஒரு கிலோகிராம், வண்டியின் உடலில் ஏற்றப்பட்ட ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராமுக்குச் சமமாக எஞ்சினை உழைக்க வைக்கிறது. மிக வெளியே இருக்கும் ரயரின் பாரமோ இதனிலும் கூடுதலாகத் தாக்குகிறது. வேகத்தைக் கூட்டும்போது மாத்திரமல்ல, பிரேக் பிடிக்கும்போதும் இதே கணக்குத்தான்.

மலைநாட்டில் இதற்குத் தனியான முக்கியத்துவம் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. ஆகவே டேர்போ இல்லாத எஞ்சின், கொழும்பிலே காட்டுகின்ற வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அங்கே இழந்துவிடுகிறது. எஞ்சினின் வலிமை குறைந்த இடத்தில், நிலையாக நின்று புறப்பட்டு மேட்டில் ஏறும் பந்தயத்தில், சில்லில் குறைக்கப்படும் ஒவ்வொரு கிலோகிராமும் பயன் தருகிறது.

ஆனால் ஒரு தவறான எண்ணத்தை இங்கே விலக்கவேண்டும். இளைஞர்கள் பெரிய விட்டமுள்ள சில்லையே அழகென்று கருதுகின்றனர். பதினான்கு அங்குலச் சில்லைக் கழற்றிவிட்டுப் பதினேழு அங்குலத்தை மாட்டுகின்றனர். விட்டம் கூடினால் உலோகமும் கூடுகிறது. அந்த உலோகம் மையத்திலிருந்து மேலும் தூரத்துக்கும் செல்கிறது. ஆகவே விலையுயர்ந்த உலோகத்தால் பெற்ற நன்மையைப் பெரிய அளவினால் இழந்துவிடுகின்றனர். பிரேக் உறுப்புகளை மூடி நிற்கக்கூடிய ஆகச் சிறிய விட்டமே தடத்துக்கு ஆகச் சிறந்த விட்டம் என்று கொள்ளலாம்.

இனி, பாரம் குறைந்த சில்லு எவ்வாறு தோன்றியது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். தொடக்கத்தில் கார்கள் மரச் சில்லிலும், பின்னர் சைக்கிளைப் போன்ற கம்பிச் சில்லிலும் ஓடின. 1924 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லியோன் நகரத்துப் பந்தயத்துக்கு, புகாட்டி நிறுவனத்தார் 35 ஆம் மாதிரி வண்டியில் வார்ப்பு அலுமினியச் சில்லுகளை மாட்டி வந்தனர். உலகம் அவற்றை வியந்து பார்த்தது. 1950களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தார் மக்னீசியக் கலவையால் சில்லு செய்தனர். 1960களில் சின்னஞ்சிறு மினி வண்டி மொண்டே கார்லோ ஓட்டத்தில் பெரிய வண்டிகளையெல்லாம் வென்ற காலத்தில், மினிலைட் என்ற மக்னீசியச் சில்லு புகழ்பெற்றது. எட்டு ஆரக்கால்களைக் கொண்ட அந்தத் தோற்றத்தை இன்றும் பலர் அலுமினியத்தில் வார்த்து விற்கின்றனர். 1996 ஆம் ஆண்டு ஜப்பானின் ரேஸ் நிறுவனம், ஆறு ஆரக்கால்களுடைய ரீ.ஈ. 37 என்ற சில்லை வெளியிட்டது. பதினைந்து அங்குல அளவில் அதன் பாரம் 3.7 கிலோகிராம் மாத்திரமே என்பதனால் அந்தப் பெயர் வந்தது.

இன்று சந்தையில் கிடைப்பவற்றை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது இரும்புச் சில்லு. உண்மையில் உருக்குத் தகட்டை அழுத்தி, ஒட்டிச் செய்தது. கனமானது; அழகு குறைந்தது. ஆயினும் இதனை இகழ்ந்துவிடாதீர்கள். அடிபட்டால் இது வளையும்; இலேசில் உடையாது. வளைந்ததைத் தட்டி நிமிர்த்தவும் முடியும். கையிற் பணம் குறைந்த இளைஞன், ஐயத்துக்கிடமான மலிவான அலோய்ச் சில்லை வாங்குவதைவிட, வண்டியோடு வந்த நல்ல இரும்புச் சில்லில் ஓடுவதே அறிவுடைமை.

இரண்டாவது வார்ப்பு அலுமினியம். உருகிய உலோகத்தை அச்சிலே ஊற்றிச் செய்வது. கார்களோடு வரும் அலோய்ச் சில்லுகளில் பெரும்பாலானவை இவ்வகையின. வார்ப்பிலே நுண்ணிய காற்றுக் குமிழிகள் தங்கக்கூடும். ஆகவே வலிமை வேண்டுமானால் உலோகத்தைத் தடிப்பாக விடவேண்டும். தடித்தால் பாரம் கூடும். மெலிதாகவும் மலிவாகவும் பாரமற்றதாகவும் இருக்கும் வார்ப்புச் சில்லொன்றைக் கண்டால், இம்மூன்றில் ஒன்று பொய் என்று அறிக.

மூன்றாவது, வார்த்த பின் வட்டையை மாத்திரம் சூடாக்கிச் சுழற்றி, உருளைகளால் அழுத்தி நீட்டிச் செய்வது. குயவர் திகிரியிலே பானையின் சுவரை விரலால் அழுத்தி மெலிதாக்குவதைப் போன்றது இது. அழுத்தத்தினால் உலோகம் செறிவடைகிறது. விலைக்கும் தரத்துக்கும் நடுவே நிற்கும் இந்த வகை, தடத்துக்கு அவ்வப்போது செல்வோருக்குப் பெரும்பாலும் போதுமானது.

நான்காவது, அடித்துச் செய்த அலுமினியம். திண்ணிய உலோகக் கட்டியைப் பல ஆயிரம் தொன் விசையுள்ள இயந்திரத்தால் அழுத்தி உருவாக்குவது. கொல்லன் பட்டடையில் அடித்த கத்திக்கும் வார்த்த கத்திக்கும் உள்ள வேற்றுமையே இங்கும் உண்டு. இதன் உலோக மணிகள் ஒழுங்காகவும் நெருக்கமாகவும் அமைகின்றன. ஆகவே குறைந்த உலோகத்தில் மிகுந்த வலிமை கிடைக்கிறது. பாரம் குறைவு, உறுதி மிகுதி என்ற இரண்டையும் ஒருங்கே வேண்டுவோருக்கு இதுவே முதல் தெரிவு. விலை அதிகம் என்பதே இதன் குறை.

ஐந்தாவது, மக்னீசியமும் கரிநாரும். அலுமினியத்தின் அடர்த்தி 2.7 என்றால் மக்னீசியத்தின் அடர்த்தி 1.74 தான், உருக்கோ 7.8க்கு மேல். ஆனால் மக்னீசியத்தின் மேற்பூச்சில் கீறல் விழுந்தால் ஈரம் அதனை அரித்துவிடும். மழையும் பனியும் ஓயாத நமது மலைகளுக்கு அது ஏற்றதன்று. கரிநார்ச் சில்லுகள் 2015 ஆம் ஆண்டில் ஃபோர்ட் நிறுவனத்தின் ஷெல்பி வண்டியொன்றில் தொழிற்சாலையிலிருந்தே பொருத்தப்பட்டு வந்தன. அவற்றின் விலையைக் கேட்டு மகிழலாமேயன்றி வாங்குதல் நம்மில் மிகச் சிலர்க்கே இயலும்.

வகையைத் தெரிந்துகொண்டபின் அளவுகளைப் பார்க்கவேண்டும். இங்கேதான் பலரும் அவசரப்படுகின்றனர்.

சில்லு எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பது முதலிற் கேட்கவேண்டிய கேள்வி. மயிற்பீலியே ஆயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முரியும் என்ற கருத்தை வள்ளுவர் கூறியிருக்கிறார். நல்ல சில்லின் உட்புறத்தில் அது தாங்கக்கூடிய பாரம் கிலோகிராமில் பொறிக்கப்பட்டிருக்கும். உங்கள் வண்டி ஓட்டுநருடன் 1,200 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். முன் எஞ்சின் வண்டியானால் அதில் நூற்றுக்கு 60 பங்கு முன்னச்சில் இருக்கும், அதாவது 720. ஆகவே ஒரு முன்சில்லின் பங்கு 360 கிலோகிராம். வண்டி நிற்கும்போதுதான் இந்தக் கணக்கு. தடத்திலே பிரேக் பிடித்தவாறு வளைவில் திரும்பும்போது, வெளிப்புற முன்சில்லின் மேல் இதனிலும் ஏறத்தாழ இருமடங்கு பாரம் சாய்ந்துவிடும். சோதனை விதிகள் இதற்கென்று இடம் வைத்திருக்கின்றன என்பது உண்மையே. எனினும் 360க்குச் சரியாக 360 தாங்கும் சில்லைத் தேடாமல், 500க்கு மேல் பொறித்ததைத் தேடுவது விவேகம்.

இரண்டாவது, ஆணித்துளைகளின் வட்டம். நான்கு துளைகளுக்கு 100 மில்லிமீற்றர், ஐந்து துளைகளுக்கு 100 அல்லது 114.3 மில்லிமீற்றர் என்று வண்டிக்கு வண்டி அது மாறும். ஐந்து துளை 112 மில்லிமீற்றர்ச் சில்லை 114.3 மில்லிமீற்றர் அச்சில் நெருக்கி மாட்டுவோர் உண்டு. கண்ணுக்குப் பொருந்தியதுபோலத் தோன்றும். நட்டுகள் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும். அது தானே கழன்றுகொள்ள நாள் பார்த்திருக்கும் சில்லு.

மூன்றாவது, குடத்தின் நடுத்துளை. பல ஹொண்டா வண்டிகளுக்கு 64.1 மில்லிமீற்றர்; மஸ்தாவின் எம்.எக்ஸ். 5 என்ற சிறிய விளையாட்டுக் காருக்கு 54.1 மில்லிமீற்றர். துளை பெரிதாயின் இடைவளையம் இட்டு நிரப்பவேண்டும். பிளாஸ்டிக் வளையம் வீதிக்குப் போதும். தடத்திலே பிரேக்கின் சூட்டில் அது உருகிவிடும். அலுமினிய வளையமே வேண்டும்.

நான்காவது, நட்டின் இருக்கை. சில நட்டுகள் கூம்பு வடிவின, சில உருண்டை வடிவின, சில தட்டையானவை. ஹொண்டாவின் உருண்டை நட்டைக் கூம்புத் துளையில் முறுக்கினால், இரண்டும் ஒரு மெல்லிய கோட்டில் மாத்திரம் தொட்டுக்கொண்டிருக்கும். எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. சில்லை மாற்றும்போது நட்டையும் அதற்கேற்ப மாற்றவேண்டும். ஒரு நட்டின் விலையை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு சில்லை இழப்பானேன்?

கிரவல் தடத்துக்கும் தார்த் தடத்துக்கும் வேறுபாடு உண்டு. உலக ரலி ஓட்டங்களில் தார்ப் பாதைக்கு 18 அங்குலச் சில்லையும், கிரவல் பாதைக்கு 15 அங்குலச் சில்லையும் மாட்டுவது வழக்கம். கிரவலில் கல் தெறிக்கும், குழி இருக்கும். ஆகவே சிறிய சில்லும் உயரமான ரயர்ச் சுவரும் அடியைத் தாங்கிக்கொள்கின்றன. தியத்தலாவைக்குச் செல்வோர், ஆகப் பாரம் குறைந்ததைத் தேடாமல், வட்டையின் உள்விளிம்பு தடித்ததைத் தேடவேண்டும். ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் உட்புறத்துச் சேற்றைக் கழுவவும் வேண்டும். ஒருபக்கம் ஒட்டிக் காய்ந்த சேறு, வண்டியைக் காய்ச்சல் கண்டவன்போல் நடுங்கச் செய்யும்.

இப்போது போலிகளைப் பற்றிக் கூறவேண்டும். புகழ்பெற்ற சில்லுகளின் தோற்றத்தை அப்படியே வார்த்து, பெயரையும் பொறித்து விற்பவர்கள் உலகெங்கும் இருக்கின்றனர். கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் பிற இடங்களிலும் பாவித்த உதிரிப் பாகங்கள் விற்கும் நேர்மையான வணிகர் பலர் உளர். ஆனால் வாங்குவோனுக்குக் கண் வேண்டும். ஜப்பானியச் சில்லாயின் ஜே.டபிள்யூ.எல். என்ற குறியும், வி.ஐ.ஏ. என்ற குறியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்னது ஜப்பானிய அரசு வகுத்த தரத்துக்கு அமைந்தது என்று செய்தவரே கூறுவது. பின்னது வேறோர் அமைப்பின் பதிவைப் பெற்றது என்பதைக் காட்டுவது. இந்தத் தரத்தில் வளைத்துச் சுழற்றும் சோதனை, பாரம் ஏற்றி உருட்டும் சோதனை, சாய்த்து வைத்து எடையைப் போட்டு இடிக்கும் சோதனை ஆகிய மூன்றும் அடங்கும். குறியையும் போலி செய்யலாம் அல்லவா என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆகவே ஒரு தராசையும் கொண்டு செல்லுங்கள். போலி செய்பவன் எழுத்தைப் பொறிக்கலாம். வார்ப்பு உலோகத்தைக் கொண்டு, அடித்துச் செய்த சில்லின் பாரத்தையும் வலிமையையும் ஒருங்கே பெற அவனால் இயலாது. உற்பத்தியாளர் கூறும் பாரத்தைக் காட்டிலும் இரண்டு கிலோகிராம் கூடியிருந்தால் அதனை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பாவித்த சில்லில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த பணி. ஆணித்துளைகளைச் சுற்றியும், ஆரக்கால்கள் குடத்தையும் வட்டையையும் சேருகின்ற மூலைகளிலும், வட்டையின் உட்புறத்திலுமே வெடிப்புத் தொடங்கும். ரயில்வே ஊழியர் சம்மட்டியால் சக்கரத்தைத் தட்டி ஓசையைக் கேட்கும் வழக்கத்தை நம்மிற் பலர் அறிவோம். கார்ச் சில்லில் அந்த ஓசையை முழுவதும் நம்பமுடியாது. நன்றாகக் கழுவி உலர்த்தி, சிவப்புச் சாயத்தைப் பூசி, துடைத்துவிட்டு, வெள்ளைத் தூள் தெளித்தால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பினுள் ஒளிந்த சாயம் கோடாக வெளியே வரும். செலவு குறைந்த சோதனை இது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் இதனைச் செய்யவேண்டும்.

இங்கே என் பழைய மாணவர்களாகிய கராஜ்த் தொழிலாளருக்குத் தனியாக ஒரு வார்த்தை. வளைந்த அலோய்ச் சில்லை வாயு விளக்கால் சூடாக்கித் தட்டி நிமிர்த்துவதும், வெடித்ததை ஒட்டி, உரைத்து, வர்ணம் பூசிக் கொடுப்பதும் உங்களிற் சிலர் செய்யும் வேலை. நீங்கள் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. கேட்டவருக்கு இல்லையென்று சொல்லத் தயங்கியே செய்கிறீர்கள். ஆனால் அலுமினியக் கலவைக்கு வலிமை வந்தது, தொழிற்சாலையில் அளந்து கொடுத்த வெப்பப் பதத்தினால். உங்கள் சுவாலை அந்தப் பதத்தைக் கெடுத்துவிடுகிறது. உருக்குச் சில்லு பொறுக்கும், அலுமினியம் பொறுக்காது. வெளியே பளபளக்கும்; உள்ளே தளர்ந்திருக்கும். வர்ணம் பூசி அடுப்பில் அதிக வெப்பத்தில் வாட்டுவதிலும் இதே ஆபத்து உண்டு. வீதியில் மெதுவாகச் செல்லும் வண்டிக்கே இது தகாது. தடத்துக்குச் செல்லும் வண்டிக்கு எவ்வாறு தகும்?

தடத்துக்குச் செல்லும் நாளன்று செய்யவேண்டியவை சில. முறுக்குவிசையை அளந்து காட்டும் சாவி ஒன்று கையில் இருக்கவேண்டும். பல ஜப்பானியச் சிறு கார்களுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீற்றர் என்று கைநூல் கூறும். உங்கள் வண்டியின் நூல் கூறுவதையே பின்பற்றுங்கள். காலால் மிதித்து முறுக்குதல் வீரமன்று. ஆணி நீண்டு பலமிழக்கும். முதல் ஓட்டத்தின் பின், சில்லு ஆறியவுடன் மறுபடியும் அளந்து பார்க்கவேண்டும். திடீரென அதிர்வு தோன்றினால் வேகத்தைக் குறைத்து ஓரமாக வந்துவிடவேண்டும். நண்பர்கள் சிரிப்பார்களே என்று இன்னொரு சுற்று ஓடக்கூடாது. உப்பு வணிகர் தம் வண்டியின் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு சென்றனர் என்று புறநானூற்றிலே படிக்கிறோம். ஒரு சேமச் சில்லாவது கொண்டு செல்வது அந்தப் பழைய அறிவுக்கு நாம் செய்யும் மரியாதை.

நேயர்களே, இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். ஓட்டுபவன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான்; அது அவன் விருப்பம் என்றும் சொல்லலாம். அந்தச் சொல் சரியன்று. 1955 ஆம் ஆண்டு ஜூன் 11 ஆம் திகதி பிரான்சின் லே மான் தடத்தில் வண்டியொன்று கூட்டத்துட் பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளர் மாண்டனர். நமது தியத்தலாவையில் 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி, ஃபொக்ஸ் ஹில் ஓட்டத்தில் வண்டியொன்று தடத்தை விட்டு விலகி மக்கள் மேல் ஏறியதில் ஏழு பேர் உயிரிழந்தனர். இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அந்த இரு துயரங்களுக்கும் சில்லே காரணம் என்று நான் கூறவில்லை. தடத்தைவிட்டு வண்டி விலகினால் யார் மேல் விழும் என்பதையே அவை நமக்குக் காட்டுகின்றன. உடைந்த சில்லும் வண்டியைத் தடத்திலிருந்து விலக்கும் காரணங்களுள் ஒன்று. அதுவும் நம் கையால் முன்கூட்டியே தடுக்கக்கூடிய காரணம்.

மற்றுமொன்று. தடத்திலே வெடித்த சில்லை என்ன செய்கிறோம்? கராஜின் மூலையில் போடுகிறோம். பின்பு யாரோ ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறோம். அது ஒட்டப்பட்டு, வர்ணம் பூசப்பட்டு, ஏதேனும் ஒரு குடும்பத்தின் வானில் ஏறுகிறது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பசறை வீதியின் வளைவுகளில் அந்த வான் செல்கிறது. அதிலே இருப்பவர் எவரும் பந்தயத்தை விரும்பியவரல்லர். ஆகவே வெடித்த சில்லை எவரும் மறுபடி மாட்ட முடியாதபடி வாளால் அறுத்து, பழைய உலோகம் வாங்குபவரிடம் நிறுத்துக் கொடுத்துவிடுங்கள். அதன் அலுமினியம் உருகி வேறொரு பொருளாகட்டும். சில்லாக மாத்திரம் திரும்பி வரவேண்டாம்.

இளைஞர்களின் வேகத்தை நான் வெறுப்பவனல்லன். தன் கையால் ஓர் இயந்திரத்தைச் செப்பனிட்டு, அதன் இயல்பை அறிந்து, அதனை அடக்கி ஓட்டுவதில் கல்வி இருக்கிறது; ஒழுக்கமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்வி எஞ்சினின் ஓசையில் தொடங்குவதன்று; நிலத்தைத் தொடுகின்ற நான்கு சில்லுகளில் தொடங்குவது. பாரத்தைக் குறையுங்கள், பலத்தைக் குறைக்காதீர்கள். இரண்டில் ஒன்றையே வாங்கப் பணம் இருக்கும்போது, பலத்தையே வாங்குங்கள்.